இருபத்தெட்டு நாள் மாதம்

பொங்கலுக்கு மாயவரம் போயிருந்தபோது அம்மா தன் வரவு செலவு நோட்டை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். போன வருஷத்து நோட்டு. 'போன்' என்று எழுதியிருந்த இடங்களையெல்லாம் பென்சிலால் சுழித்து வைத்திருந்தாள். "எண்ணிப் பாரு" என்றாள். எண்ணினேன். பதினாலு.

"வருஷத்துக்குப் பன்னெண்டு மாசம்தானேடி?"

ஜனவரி 1இல் தொடங்கியிருக்கிறது. அடுத்தது ஜனவரி 29. பிறகு பிப்ரவரி 26, மார்ச் 26, ஏப்ரல் 23, மே 21 என்று தேதி படிப்படியாகப் பின்வாங்கிக்கொண்டே போகிறது. ஆகஸ்டில் 13, அக்டோபரில் 8, டிசம்பரில் 3. அதோடு முடியவில்லை. ஆண்டின் கடைசி நாளான டிசம்பர் 31 அன்று இன்னொரு முறை. ஒரு ரீசார்ஜுக்கு 28 நாள். பதிமூன்று முறை போட்டால் 364 நாள் ஆகிறது. மிச்சமிருக்கும் அந்த ஒரு நாளுக்காகப் பதினாலாவது வரி.

அம்மாவுக்கு 78 வயது. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். 1971இல் கல்யாணமாகி வந்ததிலிருந்து அம்மா கணக்கு எழுதுகிறாள். பழைய நோட்டுகள் பரணில் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கின்றன. ஒவ்வொரு மாதமும் ஒரே மாதிரி தொடங்கும். முதல் தேதி சம்பளம், அதன் கீழே பால், பேப்பர், மளிகைக்கடைப் பற்று, வாடகை, சீட்டுப் பணம். பால் வராத நாளுக்குக் காலண்டரில் ஒரு பெருக்கல் குறி. மாதம் முடிந்ததும் அந்தக் குறிகளை எண்ணிக் கழித்துக்கொண்டுதான் பால்காரருக்குக் காசு. அவரும் தன் கணக்கைச் சொல்வார், இரண்டும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாவிட்டால் வாசலில் நின்று பேசித் தீர்ப்பார்கள். மாதம் என்பது அந்த வீட்டின் படி. சம்பளமும் செலவும் அந்த ஒரே படியால் அளக்கப்பட்டன. அதனால்தான் வாத்தியார் சம்பளத்தில் மூன்று பிள்ளைகளைப் படிக்கவைக்க அவளால் முடிந்தது என்று நான் நம்புகிறேன்.

இப்போது வருமானம் குடும்ப ஓய்வூதியம். அது மாதத்துக்கு ஒரு முறைதான் வருகிறது. அது 28 நாளுக்கு ஒரு முறை வருவதில்லை.

இந்த விஷயம் எனக்கு வெறும் கணக்காக மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு உறுத்தியிருக்காது. அதற்கு முந்தைய ஆண்டு ஆடி மாதத்தில் அம்மா பல நாள் போன் பண்ணவில்லை. ஏதோ கோயில் வேலையாக இருப்பாள் என்று நானும் சும்மா இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கூப்பிட்டபோது அந்த எண் சேவையில் இல்லை என்று பதிவுக்குரல் சொன்னது. பக்கத்து வீட்டுக்குப் பேசி, அவர்கள் ஓடிப்போய்ப் பார்த்துச் சொல்லும் வரை பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். அந்தப் பதினைந்து நிமிடத்தை நான் விவரிக்க விரும்பவில்லை.

நடந்தது இதுதான். ரீசார்ஜ் மாதத்தின் நடுவில் முடிந்திருக்கிறது. எச்சரிக்கை ஆங்கிலத்தில் குறுஞ்செய்தியாக வந்திருக்கிறது. அம்மாவுடையது பட்டன் போன். செய்தியைத் திறந்து படிக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. முதலில் அவளால் கூப்பிட முடியாமல் போனது. சில நாளில் அவளுக்கு வருகிற அழைப்புகளும் நின்றன. "நீங்க யாருமே கூப்பிடலையேன்னு நெனச்சேன்" என்றாள். பிள்ளைகள் மறந்துவிட்டார்கள் என்று அத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த எண்ணை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவர் அப்பா. 2003இல் வருகிற அழைப்புகளுக்குக் கட்டணம் இல்லை என்றானது. அதற்குச் சில ஆண்டு கழித்து 999 ரூபாய் கட்டினால் ஆயுள் முழுக்க அழைப்பு வரும் என்று ஒரு திட்டம் ஊரெங்கும் பேசப்பட்டது. அப்பா அதைக் கட்டினார். "உங்கம்மா யாரையும் கூப்பிட வேணாம், அவளைக் கூப்பிட்டா எடுக்கணும், அதுக்குத்தான்" என்று அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பா போய் மூன்று ஆண்டு கழித்து, 2018 கடைசியில், மாதாமாதம் ஒரு குறைந்தபட்சத் தொகை போட்டால்தான் எண் உயிரோடு இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். ஆயுள் என்ற சொல்லுக்கு அவர் ஒரு பொருள் வைத்திருந்தார், விற்றவர்கள் வேறு பொருள் வைத்திருந்தார்கள்.

ஊரில் இருந்தபடியே தேடிப் படித்தேன். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 ஜனவரியில் உத்தரவு போட்டிருக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் செல்லும் திட்டம் ஒன்றையும், மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றையும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். 2024 டிசம்பரில் இன்னொரு திருத்தம்: இணையம் தேவைப்படாதவர்களுக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டம் தர வேண்டும், அதை 365 நாள் வரைக்கும் தரலாம். அம்மாவைப் போன்றவர்களை நினைத்து யாரோ எழுதிய உத்தரவுகள் இவை. அவர்களுக்கு என் நன்றி. ஆனால் ரீசார்ஜ் கடைக்குப் போய் நிற்கும் ஒருவரிடம் இதை யார் சொல்கிறார்கள்? முதலில் காட்டப்படுவது 28, 56, 84. மூன்று மாதம் என்று நினைத்து 84 நாள் போடுகிறவருக்கு நான்கு முறை போட்டால் 336 நாள்தான் கிடைக்கிறது. 29 நாள் வெளியே நிற்கிறது.

அன்று அம்மா இன்னொன்றையும் சொன்னாள். போனைவிட அதுதான் என்னை அதிகம் கஷ்டப்படுத்தியது.

"என் கை தாராளமாயிடுச்சுடி. எண்ணெய் இருபத்தஞ்சாம் தேதிக்கே தீர்ந்துபோவுது."

தனி ஆளுக்கு மாதம் ஒரு பாக்கெட் சமையல் எண்ணெய். பல வருஷமாக அதுதான் அளவு. சில மாதங்களாக எட்டவில்லை. தாளிக்கும்போது கை நடுங்கிக் கூட ஊற்றிவிடுகிறோமோ என்று கரண்டியை மாற்றியிருக்கிறாள். அப்பளம் பொரிப்பதை நிறுத்தியிருக்கிறாள். கண் புரை ஆபரேஷனுக்குப் பிறகு அளவு தெரியவில்லையோ என்றுகூட யோசித்திருக்கிறாள். அடுப்படிக்குப் போய்ப் பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். அதே நிறம், அதே படம், கையில் பிடித்தால் அதே பருமன். கீழ் ஓரத்தில் 850 மில்லி என்று இருந்தது.

ஒரு லிட்டர் 30 நாளுக்கு வந்தால், 850 மில்லி இருபத்தைந்தரை நாளுக்கு வரும். அவள் கை ஒரு சொட்டுக்கூடத் தாராளமாகவில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேல் அளந்து ஊற்றிய கை அப்படியேதான் இருக்கிறது. அதை அவளிடம் சொன்னபோது கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள்.

விலை ஏறினால் நோட்டு காட்டிக்கொடுத்துவிடும். போன மாதம் இவ்வளவு, இந்த மாதம் இவ்வளவு என்று இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கோபப்படலாம், கடையை மாற்றலாம், ஒரு பொருளைக் குறைக்கலாம். அளவு குறைந்தால் நோட்டுக்குத் தெரியாது. அஞ்சு ரூபாய் பிஸ்கட் பல ஆண்டுகளாக அந்த நோட்டில் 5 என்றேதான் இருக்கிறது. உள்ளே எத்தனை கிராம் என்பதற்கு நோட்டில் கட்டம் கிடையாது. ஆகவே குறை தன்மேல்தான் என்று வீட்டை நடத்துகிற பெண் முடிவு செய்துகொள்கிறாள். எத்தனை வீடுகளில் எத்தனை பெண்கள் இப்படித் தங்கள் கையையே சந்தேகித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு ஆறவில்லை.

முன்பு பிஸ்கட், டீத்தூள், சோப்பு, சமையல் எண்ணெய் உள்ளிட்ட 19 வகைப் பொருள்களை இன்ன இன்ன எடைகளில்தான் கட்ட வேண்டும் என்று பொட்டலப் பொருள் விதிகளில் ஓர் அட்டவணை இருந்தது. அதை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு என்ன விலை என்று அச்சிட வேண்டும் என்றார்கள். அந்த எண்ணை அம்மாவின் பாக்கெட்டிலும் தேடிக் கண்டுபிடித்தேன். பூதக்கண்ணாடி வேண்டியிருந்தது. பொருளின் பெயரைப் போல அதையும் பெரிதாக அச்சிட்டால் என்ன? ஒரு மில்லிக்கு இத்தனை பைசா என்பது மட்டும் கண்ணில் படும்படி இருந்தால் வேறெந்த உபதேசமும் அம்மாவுக்குத் தேவையில்லை. மீதியை அவளே போட்டுக்கொள்வாள்.

அளவு மாறுவது அவளுக்குப் புதிதும் இல்லை. 1957 ஏப்ரல் 1ஆம் தேதி நயா பைசா வந்தபோது அவளுக்குப் பத்து வயது. பதினாறு அணா கொண்ட ரூபாய் நூறு நயா பைசாவாக ஆனது. ஓரணாவுக்கு ஆறே கால் பைசா வரும். கால் பைசாவுக்குக் காசு இல்லாததால் ஆறு என்று வைத்தார்கள். நாலணாவுக்கோ 25. பாட்டி அதில் ஏமாந்துவிடக் கூடாது என்று கடைக்குப் போகும்போதெல்லாம் அம்மாவைக் கூட்டிப்போவாளாம். பள்ளிக்கூடத்தில் மாற்று வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார்கள். பழைய காசும் புதுக் காசும் சில காலம் சேர்ந்தே புழங்கின. மறு ஆண்டு அக்டோபரில் கிலோ வரத் தொடங்கி, வீசையும் பலமும் மெல்லப் போயின. "கஷ்டம்தான், ஆனா சொல்லிட்டுச் செஞ்சாங்க" என்கிறாள் அம்மா. நாடு முழுக்க ஒரே நாளில், ஊரறிய, வாய்ப்பாடு கையில் கொடுத்து மாற்றினார்கள். 1964 வரை காசின்மேலேயே 'நயா' என்று எழுதிவைத்தார்கள், இது புதுசு, கவனி என்று. ஒரு லிட்டர் 850 மில்லி ஆனதை அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை.

நோட்டில் இன்னொரு வரியும் சுழிக்கப்பட்டிருந்தது. '17.70, ஏன்?' வங்கிக் கணக்கில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை குறுஞ்செய்திக்கென்று பிடிக்கிற 15 ரூபாயும் அதன்மேல் 18 சதவீத வரியும். அவள் படிக்காத செய்திகளுக்கான காசு. பாஸ்புக் அச்சடிக்கும் இயந்திரம் வேலை செய்த ஒரு நாளில்தான் அது அவள் கண்ணில் பட்டிருக்கிறது. கவுன்ட்டரில் கேட்டதற்கு, எல்லோருக்கும் பிடிக்கிறதுதான் என்று சொல்லியிருக்கிறார்கள். அது 'எவ்வளவு பேருக்கு' என்பதற்கான பதில். அவள் கேட்டது 'ஏன்' என்று.

என் வீட்டில் நோட்டு கிடையாது. எல்லாம் போனில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து வந்த கையோடு ஒரு மாதக் கணக்கை அம்மா மாதிரி உட்கார்ந்து எழுதினேன். மகன் எப்போதோ சேர்ந்து, பிறகு பார்ப்பதையே விட்டுவிட்ட ஒரு சந்தாவுக்கு மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருந்தது. தானாகப் பிடிக்கும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் தர வேண்டும் என்பது 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதி. தகவல் வந்துதான் இருக்கிறது, விளம்பரங்களுக்கு நடுவே. நிறுத்தும் பொத்தானைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. சேர்வதற்கு மகனுக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

புகார் சொல்ல வழி இல்லாமல் இல்லை. 1915 என்ற எண்ணுக்குப் பேசலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் வழக்கே போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. ஆனால் 17 ரூபாய் 70 காசுக்கு யார் போவார்? நூற்றைம்பது மில்லி எண்ணெய்க்கு? தொகை சிறியதாக இருப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு. ஒரு வீட்டில் அது சில்லறை. கோடிக்கணக்கான வீடுகளில் சேர்த்தால் என்ன என்று பிடிக்கிறவர்களுக்குத் தெரியும்.

ஊரில் இருந்தபோதே அம்மாவை அழைத்துக்கொண்டு தெருமுனை ரீசார்ஜ் கடைக்குப் போனேன். கடைப் பையன் நல்ல பிள்ளை, அம்மாவை "பெரியம்மா" என்றுதான் கூப்பிடுவான். மாதம் ஒரே தேதியில் போடும் திட்டம் வேண்டும் என்றதும் அப்படி ஒன்று இல்லையே என்றான். இருக்கிறது தம்பி, கீழே தள்ளிப் பார் என்றேன். விரலால் தள்ளிக்கொண்டே போனான். வெகு கீழே இருந்தது. "நானே இப்பதான் பாக்குறேன்க்கா" என்றான். 28 நாள் திட்டத்தைவிடச் சில ரூபாய் அதிகம். அம்மா மனசுக்குள் பன்னிரண்டால் ஒன்றையும் பதிமூன்றால் மற்றொன்றையும் பெருக்கிப் பார்ப்பது அவள் உதடு அசைவதிலேயே தெரிந்தது. சரி என்று தலையாட்டினாள். இப்போதிருப்பது முடிந்ததும் புதுசு தொடங்கும் என்று பையன் சொன்னான். எந்தத் தேதி என்று கேட்டுக்கொண்டாள்.

காசை எண்ணி அவன் கையில் கொடுத்த பிறகு, கொஞ்சம் தயங்கி, "தம்பி, முப்பத்தோரு நாள் மாசத்துக்கும் இதே காசுதானா? உங்களுக்கு ஒண்ணும் நஷ்டம் இல்லியே?" என்று கேட்டாள்.