மொட்டைமாடிக் கம்பிகள்

திண்டிவனம் சாலை வழியாகப் புதுச்சேரிக்கு வருகிறவர்கள், மொரட்டாண்டியையும் பட்டானூரையும் கடந்து கோரிமேட்டு எல்லைக்குள் பேருந்து நுழைகிற சமயத்தில் ஜன்னல் வழியே சற்றுத் தலையை உயர்த்திப் பார்ப்பார்களானால், சந்துகளின் உள்ளே தெரிகிற வீடுகள் பலவற்றின் மொட்டைமாடியில் நான்கு மூலைகளிலும் இரும்புக் கம்பிகள் துருவேறி வானத்தை நோக்கி நிற்பதைக் காணலாம். அழகுணர்ச்சி மிகுந்த ஒருவர் என்னோடு பிரயாணம் செய்தபோது, இந்த அவலட்சணத்தை நகராட்சியார் எப்படித்தான் சகித்துக்கொண்டிருக்கிறார்களோ என்று வருந்தினார். அந்தக் கம்பிகளுக்குச் சொந்தக்காரர் ஒவ்வொருவரும் கட்டடம் இன்னும் முடியவில்லை என்றும், பணம் சேர்ந்ததும் மேலே ஒரு மாடி எடுக்கப் போகிறோம் என்றும் இருபது வருஷங்களாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் என்பதை நான் அறிவேனாதலால், மௌனமாக இருந்துவிட்டேன்.

அந்தக் கம்பிகளின் தாத்பரியம் எனக்கு முழுமையாக விளங்கியது 2023-ஆம் வருஷத்தில்தான். அதை விளக்கியவள் என் தங்கையின் மகள். விளங்கிய இடம், அவள் தன் கையால் பூட்டிய முதல் கம்ப்யூட்டரின் உட்புறம்.

தங்கை வீட்டுக்காரர், அதாவது எங்கள் மாப்பிள்ளை, ஜிப்மர் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ ஓட்டுகிறவர். பெண்ணுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்ததும், கம்ப்யூட்டர் ஒன்று இன்றியமையாதது என்று ஆயிற்று. தங்கை தெருவில் கட்டிவந்த சீட்டை எடுத்ததில், கடன்கள் போக மிஞ்சியது சரியாக 25,000 ரூபாய். கேட்டவர்கள் எல்லோரும் ஒரே குரலாக, லேப்டாப் வாங்கிக் கொடுங்கள், பஸ்ஸிலும் எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்கள். எனது அபிப்பிராயமும் அதுவாகவே இருந்தது. பெண் மட்டும் சம்மதிக்கவில்லை.

"இந்தக் காசுக்கு வர்ற லேப்டாப்புல பாதிக்கு மேல ராமைப் போர்டுலயே பத்த வச்சிருப்பாங்க மாமா. நாளைக்கு ஏத்தணும்னா ஏத்த முடியாது. நான் அசெம்பிள் பண்ணிக்கிறேன்" என்றாள்.

தட்டச்சு நிலையத்தில் ஹையர் பரீட்சை தேறியதையே யந்திர ஞானத்தின் சிகரமாக எண்ணிக் காலங்கழித்த எனக்கு, பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி கம்ப்யூட்டரைப் பூட்டப் போவதாகச் சொன்னது திகைப்பாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தபோது, இந்த ஊர்க்காரர்கள் அதற்காகத் திகைப்பதற்கு நியாயமில்லை என்று பட்டது. விற்பனை வரியில் புதுவை அரசாங்கம் அளித்த சலுகையை முன்னிட்டு, எச்.சி.எல். சேதராப்பட்டிலும், விப்ரோ எங்களுக்கு அடுத்த தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையிலும், ஏஸர், லெனோவோ ஆகிய கம்பெனிகள் இந்தப் பிரதேசத்திலேயே வேறிடங்களிலும் கம்ப்யூட்டர் பூட்டும் தொழிற்சாலைகளை வைத்து நடத்திய காலம் உண்டு. வெளியூர் ஆபீஸ் மேஜைகளில் உட்கார்ந்திருந்த பெட்டிகளின் முதுகில் 'பாண்டிச்சேரி' என்று அச்சிட்ட சீட்டு ஒட்டியிருக்கும். அந்தத் திருகாணிகளை முடுக்கியவர்கள் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள். அவர்களுடைய சொந்த வீட்டில் கம்ப்யூட்டர் இருந்ததோ இல்லையோ, அது வேறு விஷயம். 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்து வரி எங்கும் ஒன்றாகிவிட்டபடியால், எல்லையைத் தாண்டி வந்து சாமான் வாங்குவதில் இருந்த லாபம் போய்விட்டது. பூட்டுகிற வித்தைக்கு மட்டும் எந்த வரியும் இல்லை.

அவள் செய்த முதல் காரியம் ஒரு பழைய கோடு போட்ட நோட்டை எடுத்து மூன்று பத்தி பிரித்துக்கொண்டதுதான். முதல் பத்தி, கஞ்சத்தனம் காட்டக் கூடாத சாமான். இரண்டாவது, பழையதாக வாங்கினாலும் பாதகமில்லாதது. மூன்றாவது, இப்போது வாங்காமல் பின்னால் சேர்க்கத் தக்கது. கல்யாணச் செலவுக்குக் கூட எங்கள் குடும்பத்தில் எவரும் இவ்வளவு தெளிவாகக் கணக்குப் போட்டதில்லை. மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். முதல் பத்தியில் இருந்தது. மலிவான கேபினெட்டை வாங்கினால் கூடவே ஒரு எஸ்.எம்.பி.எஸ்ஸை இனாமாகப் போட்டுக் கொடுப்பது கடைக்காரர்கள் வழக்கம். மேலே 450 வாட் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். உள்ளே இருக்கும் சாமான் அதற்கு உத்தரவாதம் சொல்லாது. அது கெட்டால் தான் மட்டும் கெடாது, மற்றவற்றையும் கூட அழைத்துக்கொண்டு போகும் என்பது அவள் வாதம். மானிட்டர் இரண்டாவது பத்தியில் இருந்தது. ஓர் ஆபீஸ் கழித்துவிட்ட 19 அங்குல மானிட்டர் 2,800 ரூபாய்க்குக் கிடைத்தது. கிராபிக்ஸ் கார்டு, பெரிய டிஸ்க், இரண்டாவது ராம் ஆகியவை மூன்றாம் பத்தியில் காத்திருந்தன.

ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் இருவரும் சென்னைக்குப் பஸ் ஏறினோம். கோயம்பேட்டில் இறங்கி, மெட்ரோவில் அரசினர் தோட்டம் வரை போய், அங்கிருந்து நடந்து ரிச்சி தெருவை அடைந்தபோது, மணி பதினொன்று ஆகியிருந்தது. மனிதர் தோளோடு தோள் இடித்து நடக்கிற அந்தக் குறுகிய தெருவையும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவையும் ஒரு மகா சமுத்திரம் என்று சொன்னால், நான் அதில் தத்தளித்தேன் என்றும், அவள் நீந்தினாள் என்றும் சொல்வதே பொருத்தம். பிராசஸருக்கு அவள் குறித்து வைத்திருந்தது ரைசன் 3 3200ஜி. நான்கு கோர்கள் கொண்ட அது, படம் வரையும் பகுதியைத் தன் உடம்புக்குள்ளேயே வைத்திருப்பதால் தனிக் கார்டு வேண்டியதில்லை. காற்றாடியும் பெட்டியிலேயே வருகிறது. ஒரு கடைக்காரர், "ட்ரேயில இருக்கு, ஆயிரம் ரூபாய் கம்மி பண்ணித் தரேன் சார்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். ஆயிரம் ரூபாய் என்றதும் என் முகம் மலர்ந்ததை அவரும் கவனித்திருக்க வேண்டும். பெட்டியில்லாமல் வருகிற அந்தச் சரக்குக்குக் காற்றாடி கிடையாது, கம்பெனியின் மூன்று வருஷ வாரண்டியும் கிடையாது என்பதை என் காதோடு சொல்லிவிட்டு, "சீல்டு பாக்ஸே குடுங்கண்ணா" என்று அவள் முடித்துவிட்டாள்.

உண்மையான சங்கடம், நினைவகமாகிய ராம் வாங்குமிடத்தில்தான் வந்தது. அவள் தேர்ந்த பி450 மதர்போர்டில் ராம் செருகுவதற்கு இரண்டு இடங்கள். கையிலிருந்த பணத்துக்கு 8 ஜிபிதான் கட்டும். அதை 4 ஜிபி கொண்ட இரண்டு துண்டுகளாக வாங்கலாம். 8 ஜிபி கொண்ட ஒரே துண்டாகவும் வாங்கலாம். இரண்டாக வாங்கினால் பிராசஸர் இரு வழிகளிலும் ஏககாலத்தில் தகவலை இழுத்துக்கொள்ளும். ஒன்றாக வாங்கினால் ஒரு வழி அடைபட்டு, வேகம் பாதியாகும். தனிக் கார்டு இல்லாமல் பொது நினைவகத்திலிருந்தே கடன் வாங்கிப் படம் வரைகிற இயந்திரத்துக்கு இந்தக் குறை நன்றாகவே தெரியும். கடைக்காரர் இரண்டு துண்டுகளையே சிலாகித்தார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் அதுவே புத்திசாலித்தனமாகப் பட்டது. விலையிலும் பெரிய வித்தியாசமில்லை.

அவள் சிறிது நேரம் நின்று யோசித்தாள். "ரெண்டு நாலு போட்டா இன்னிக்கு வேகமாத்தான் இருக்கும் மாமா. ஆனா ரெண்டு இடமும் ரொம்பிடும். அப்புறம் ஏத்தணும்னா ரெண்டையும் தூக்கிப் போடணும். ஒண்ணே எட்டாப் போட்டா, இப்ப மெதுவா இருக்கும், அடுத்த வருஷம் இன்னொரு எட்டு வாங்கிப் பக்கத்துல வச்சா போதும்" என்றாள். பிறகு 8 ஜிபித் துண்டு ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

சிக்கனம் என்றால் குறைவாக வாங்குவது என்றே நான் அறுபது வருஷங்களாக நினைத்து வந்திருக்கிறேன். குறைவாக வாங்குவதற்குப் பெரிய சாமர்த்தியம் வேண்டியதில்லை. பணம் இல்லாமையே அதைச் செய்துவிடும். எதை இன்று இல்லாமல் விடலாம், விட்ட இடத்தை நாளைக்கு எப்படித் திறந்து வைப்பது என்று அறிவதற்குத்தான் விவேகம் வேண்டும். ஏழைகள் பெரும்பாலும் ஏமாறுவது இந்த இடத்தில்தான் என்று தோன்றுகிறது: இன்றைக்கு நிறைந்ததாகத் தோன்றுகிற ஒன்றை வாங்கி, நாளைய வாசலைத் தாங்களே அடைத்துக்கொள்கிறார்கள்.

காலியிடத்தின் மகிமையைப் பற்றிய வழக்கு கம்ப்யூட்டரின் பால்யப் பருவத்திலேயே நடந்திருக்கிறது. 1977-இல் வெளிவந்த ஆப்பிள் 2 இயந்திரத்தை வகுத்தபோது, பிரிண்டருக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று, இரண்டு இடம் போதும் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் வாதிட, எட்டு வேண்டும் என்று ஸ்டீவ் வாஸ்னியாக் பிடிவாதமாக நின்று, எட்டையே வைத்தார். இன்னதைத்தான் செருகுவார்கள் என்று அவருக்கே தெரியாது. தெரியாததனால்தான் இடம் விட்டார். 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட பி.சி.யிலோ ஐந்து இடங்கள் இருந்தன; அதோடு அதன் மின்சுற்றுப் படங்களையும் ஒரு புத்தகமாக அச்சிட்டு விற்றார்கள். அந்தப் படங்களைப் பார்த்துப் பிறர் கார்டுகள் செய்தார்கள், பின்பு முழு இயந்திரத்துக்கே ஜோடி செய்தார்கள். 1995-இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்னும் அளவு, திருகாணித் துவாரங்கள் எங்கெங்கே அமைய வேண்டும் என்பதைக் கூட நிர்ணயித்துவிட்டது. முன்பின் அறியாத கம்பெனிகளின் சாமான்களைக் கோரிமேட்டில் ஒரு பெண் பாயில் பரப்பி வைத்துக்கொண்டு, ஒன்றோடொன்று பொருந்தும் என்று நம்பி உட்காருவதற்கு இந்தச் சரித்திரமே காரணம்.

பூட்டும் வைபவம் ஞாயிற்றுக்கிழமை பகலில், கூடத்து மின்விசிறியை நிறுத்திவிட்டு நடந்தது. எங்கள் மேட்டின் செம்மண் தூசி காற்றடித்தால் எங்கும் புகுந்துவிடும் என்பதால் ஜன்னல்களையும் சாத்தினோம். கையில் தங்கும் மின்சாரம் இறங்கும்பொருட்டு அவள் அவ்வப்போது கேபினெட்டின் இரும்பைத் தொட்டுக்கொண்டாள். பிராசஸரின் அடியில் 1331 பொன்முலாம் பூசிய ஊசிகள், நாற்று விட்டாற்போல் நெருங்கி நிற்கின்றன. ஒன்று வளைந்தாலும் ஆபத்து. மூலையில் உள்ள சிறு முக்கோண அடையாளத்தை மதர்போர்டின் முக்கோணத்தோடு ஒப்பிட்டு, அழுத்தாமல் சும்மா வைத்தாள். அது தன் கனத்தாலேயே உள்ளே இறங்கி உட்கார்ந்தது. நான் அதுவரை மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். ராமுக்கு முறை வேறு: இரு பெருவிரல்களாலும் 'டக்' என்று சத்தம் வரும் வரை பலமாக அமுக்க வேண்டும்.

எல்லாம் முடிந்து சுவிட்சைப் போட்டதும் காற்றாடிகள் சுற்றின. தங்கை கையெடுத்துக் கும்பிட்டாள். மானிட்டர் மாத்திரம் கறுப்பாகவே இருந்தது. ஐந்து நிமிஷம் சென்றும் கறுப்புதான். கண்ணேறு பட்டுவிட்டது என்று தங்கை சொல்ல, 25,000 ரூபாய் போயிற்று என்று நான் மனத்துக்குள் தீர்மானித்துக்கொள்ள, பெண் ஒன்றும் பேசாமல் மதர்போர்டுடன் வந்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கினாள். அரைமணி நேரம் கழித்து, கேபினெட்டின் பின்பக்கத்தில் மறைந்து தொங்கிக்கொண்டிருந்த ஒரு சிறு வடத்தை இழுத்து எடுத்தாள். பலகைக்கு மின்சாரம் தருகிற பெரிய வடம் ஒன்று. பிராசஸருக்கென்று 12 வோல்ட் கொண்டுபோகிற சின்ன வடம் வேறு. பெரியதைச் செருகியவள் சின்னதை மறந்திருக்கிறாள். வீடு முழுக்க விளக்கெரிந்து, அடுப்பு மட்டும் பற்றவைக்கப்படாமல் இருந்த கதைதான். அதைச் செருகினதும் திரையில் வெளிச்சம் வந்தது.

லினக்ஸை இலவசமாக இறக்கிப் போட்டுக்கொண்டாள். அதில் தமிழ்99 விசைப்பலகையை அமைத்து என்னை உட்கார வைத்தாள். பழைய தமிழ்த் தட்டச்சு விரல்களில் ஊறிப்போன எனக்கு, 1999-இல் தமிழ்நாட்டரசு ஏற்ற அந்தப் புது முறையில் 'கோரிமேடு' என்று அடிக்க நான்கு தடவை ஆயிற்று.

இரவு மாப்பிள்ளை ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்தார். அவர் காலமெல்லாம் வண்டியோடு நிற்கும் ஜிப்மரே, 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆரம்பித்த மருத்துவப் பள்ளியாக இருந்து, பின்பு இந்த மேட்டில் அஸ்திவாரக் கல் பெற்று, 1964-இல் இப்போதைய பெயரை அடைந்து, இன்றும் ஒரு கட்டடத்தின் பக்கத்தில் இன்னொன்றாக வளர்ந்துகொண்டிருப்பதுதான். அவர் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றச் சொல்லிக் குனிந்து பார்த்தார். பெண் அப்போது, செருகிய ராமின் பக்கத்தில் வெறுமையாக இருந்த நீண்ட பள்ளத்தின் மேல் ஒரு காகிதப் பட்டையை அளந்து வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அது எதுக்கும்மா?"

"தூசி போகாம இருக்கப்பா. அடுத்த வருஷம் இங்க ஒண்ணு வரும்."

அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் நான் விடைபெற்றுக்கொள்ளப் போனபோது, ஆட்டோ வாசலிலேயே நின்றது, ஆளைக் காணோம். மாடியிலிருந்து குரல் வந்தது. ஏறிப் போய்ப் பார்த்தேன். மாப்பிள்ளை ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் சிமெண்டுப் பால் கரைத்து வைத்துக்கொண்டு, துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு, கம்பிகளுக்கு ஒவ்வொன்றாகப் பூசிக்கொண்டிருந்தார்.