மேற்சீட்டும் உட்பொருளும்

இருப்புப்பாதைப் பார்சல் அலுவலகத்தில் அமர்ந்து பிழைப்பு நடத்துவோர்க்கு, மூட்டையைக் காட்டிலும் மூட்டையின்மேல் ஒட்டிய சீட்டே முதலிற் கண்ணிற் படும். உள்ளே இருப்பது யாது, யாருக்குச் செல்வது என்பவற்றை அனுப்புவோரே படிவத்தில் எழுதிக் கையொப்பமிடல் வேண்டும். சரக்கைப் பற்றிப் பொய்க் கணக்குக் கொடுத்தால், 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 163-ஆம் பிரிவின்படி குவிண்டால் ஒன்றுக்கு 500 ரூபாய் வரை அபராதம் உண்டு. பதினோராண்டுகளாக இவ்விதியைப் பிறருக்கு எடுத்துக் கூறி வந்த நாமே, சென்ற ஆண்டு அதனை ஒத்த குற்றத்துக்கு ஆளானோம். அவ்வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களிடம் மறைக்காமற் கூறுவது நலம் எனக் கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

நாம் குடியிருப்பது ஐரோலியில். தாராவியில் வாழ்ந்து, 2004-ஆம் ஆண்டில் தாணே–வாஷி பாதையில் பயணியர் வண்டி ஓடத் தொடங்கிய பின்னர் இக்கரைக்கு வந்து சேர்ந்த குடும்பங்களுள் நமதும் ஒன்று. இங்குள்ள நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவர். தெருவில் மராத்தியும் இந்தியும் பேசுவர். பள்ளியில் ஆங்கிலம் எழுதுவர். தமிழ் எழுத்தைக் கண்டால் மட்டும் விழிப்பர். இக்குறையைப் போக்கக் கருதி, கல்லூரியிற் கணினி பயிலும் நம் தமக்கை மகன் ஒரு கைப்பேசிச் செயலியை உருவாக்கினான். 247 எழுத்துகளுள் எதனைத் தொட்டாலும் அதன் ஒலி கேட்கும்; விரலால் வரைந்தும் பழகலாம். ஒலி நம் அன்னையாருடையது. இரைச்சல் சேராதிருக்க மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வையைத் துடைத்துத் துடைத்து, ஒவ்வோர் எழுத்தாக உச்சரித்துப் பதிவு செய்து கொடுத்தார்.

நிற்க. செயலியை அங்காடியில் வைப்பதற்குப் பெயரும் விவரக் குறிப்பும் எழுதியாக வேண்டும். கணினியாளர் மெட்டாடேட்டா எனக் கூறும் இதுவே செயலியின் மேற்சீட்டு. "தமிழ் எழுதுவது உங்கள் வேலை மாமா" என்று மருமகன் அப்பொறுப்பை நம்மிடம் விட்டான். நாமும் பூரித்துப்போய் எழுதினோம். பெயருக்கு 30 குறிகளே இடம். இலக்கணப்படி 'எழுத்து' என்னும் சொல்லில் நான்கு எழுத்துகள் உள்ளன. கணினியோ உகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணி அதனை ஏழாக்கிற்று. ஆதலின் 'எழுத்து' என்பதையே நீக்கிவிட்டு, 'முதல்தரத் தமிழ் – இலவசம்' என்று பெயரிட்டோம். விவரக் குறிப்பிலோ அகராதி, நாட்காட்டி, திரைப்பாடல் எனத் தேடுவோர் கண்ணிற் படத்தக்க சொற்களையெல்லாம் அடுக்கினோம். செயலியில் அவற்றுள் ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள் நிராகரிப்புக் கடிதம் வந்தது. விவரக் குறிப்பு விதிக்கு முரணானது என்றிருந்ததேயன்றி, எந்த வரி என்று சுட்டவில்லை. தமிழ் அறியாத இயந்திரம் எதையோ பிழைபடப் புரிந்துகொண்டது எனச் சினந்தோம். சின்னத்தின் மேலிருந்த 'இலவசம்' என்ற பட்டையை மட்டும் அகற்றி மீண்டும் அனுப்பினோம், திரும்பிற்று. தமிழ்ப் பக்கத்திற் பெயரை மாற்றி அனுப்பினோம், அதுவும் திரும்பிற்று. ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியே குறிப்பு உண்டென்பதையும், ஆங்கிலப் பக்கத்திற் பழைய பெயரே நின்றதையும் நாம் கவனிக்கவில்லை.

அதன் பின்னரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அமர்ந்து, அங்காடிகள் வெளியிட்டிருக்கும் விதிகளைப் படித்தோம். கூகுள் பிளே, ஆப்பிள் ஆப் ஸ்டோர் ஆகிய இரண்டிலும் செயலியின் பெயர் 30 குறிகளுக்குள் அடங்க வேண்டும். கூகுளில் சுருக்கக் குறிப்புக்கு 80 குறி. முழு விவரத்துக்கு 4,000 குறி. பெயரிலும் சின்னத்திலும் தரவரிசைப் புகழ்ச்சியும் விலைச் செய்தியும் கூடா என்று கூகுள் 2021-ஆம் ஆண்டில் விதித்தது. பெயரில்லாதோர் கூறியதாகப் பாராட்டுரை வெளியிடுவதும் அங்கே தவறு. ஆப்பிளோ, பிற செயலிகளின் பெயரையும் விலையையும் நம் விவரத்தில் திணிக்கலாகாது என்கிறது.

விதியைப் படித்தபின், மருமகன் நம் குறிப்பை வரிவரியாக உரக்க வாசித்தான். அன்னையார் அருகே அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"'ஒரே மாதத்தில் என் பிள்ளை தமிழ் படிக்கிறான் – ஒரு தாய்.' இந்தத் தாய் யார் மாமா?"

நாம் விடை கூறவில்லை. அப்படியொரு தாய் இல்லை. அவ்வரி நம் கற்பனை.

அடுத்த வரியை வாசித்தான்: "தேர்ந்த புலவர்களின் குரலில்."

அன்னையார் நிமிர்ந்து பார்த்தார். "யாருய்யா அந்தப் புலவர்? நான் இல்லாத நேரத்துல வந்து சொல்லிட்டுப் போனாரா?" என்றார்.

அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நமக்கோ தலை கவிழ்ந்தது. அன்னையார் தாராவி மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். நாமும் பத்தாம் வகுப்போடு நின்றவர். படித்தவர் நகைப்பரே என்னும் அச்சத்தால், இல்லாத தாயொருத்தியைப் பேச வைத்து, இருக்கும் தாயை மறைத்துவிட்டோம். அங்காடி கண்டுபிடித்தது விதிமீறலை மட்டுமே. இதனை அது அறியாது.

அன்றே முழுவதையும் அழித்துப் புதிதாக எழுதினோம். பெயர் 'தமிழ் எழுத்துப் பழகு' என்றாயிற்று. 20 குறிக்குள் அடங்கிற்று. விவரத்தில் இவ்வாறு எழுதினோம்: "தமிழின் 247 எழுத்துகளையும் கேட்டும் வரைந்தும் பழகலாம். குரல், மும்பை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை பயின்ற ஒரு பாட்டியுடையது." அன்னையாருக்கு வாசித்துக் காட்டினோம். "என் படிப்பைப் போயா எழுதுவாங்க?" என்று கடிந்துகொண்டார், பின்னர், இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

நான்காம் நாள் அனுமதி கிடைத்தது. செயலியின் நிரலில் ஒரு வரியும் மாறவில்லை; சீட்டு மட்டுமே மாறிற்று. இப்போது நம் சனிக்கிழமை வகுப்பிற் சிறுவர்கள் அதனைத் தொட்டுப் பழகுகின்றனர். ழகரம் வந்ததும் பாட்டியின் குரலோடு தாமும் நாவை மடிக்கின்றனர்.

நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று செயலி செய்கின்றனர். அவர்களுக்கு ஒரு வார்த்தை: மறுப்பு வந்தால் உடனே முறையீடு செய்ய விரையாதீர்கள். பெயர், சின்னம், திரைப்படங்கள், எல்லா மொழிக் குறிப்புகள் ஆகியவற்றை ஒன்றொன்றாக எடுத்து, "இது உள்ளே உண்டா?" என வினவுங்கள். உள்ளதை எழுதியும் மறுத்தால் முறையிடுங்கள். இல்லாததை எழுதியிருந்தால் அழித்துவிடுங்கள். வாசித்துப் பார்க்கும்போது, வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள்.