ஈப்போவில் ஓர் இரவுச் சாப்பாடு

மலேசியாவுக்குப் போய் வந்தேன் என்று சொன்னதும், "இரட்டைக் கோபுரம் பார்த்தாயா? பத்துமலை முருகனைப் பார்த்தாயா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் அதிக நேரம் பார்த்தது ஒரு சமையலறையைத்தான்!

ஊர் சுற்றும் ஆசையில் நான் விமானம் ஏறவில்லை. என் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர் ஈப்போ. "அக்கா, அவருக்கு மாரடைப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். ஆனால் சாப்பிடவே மாட்டேன் என்கிறார். எனக்குப் பயமாயிருக்கிறது" என்று அவள் டெலிபோனில் அழுதாள். மறுவாரமே நான் கிளம்பிவிட்டேன்.

கோலாலம்பூரிலிருந்து ஈப்போ சுமார் 200 கிலோமீட்டர். மின்சார ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் கொண்டு போய் விட்டுவிடுகிறார்கள். இறங்கியதும் ரயில் நிலையமே நம்மை மலைக்க வைக்கிறது. வெள்ளை வெளேரென்று கும்மட்டங்களும் வளைவுகளுமாக நிற்கும் கட்டடம், 1917-ல் கட்டி முடிந்தது. ஊர்க்காரர்கள் செல்லமாக 'ஈப்போவின் தாஜ்மகால்' என்கிறார்கள்.

ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புப் பாறை மலைகள், தரையிலிருந்து திடீரென்று முளைத்தவை போல நிற்கின்றன. குகைகளுக்குள்ளே சீனக் கோயில்கள். மலையடிவாரம் ஒன்றில் கல்லுமலை முருகன் வீற்றிருக்கிறார். தைப்பூசத்தன்று காவடிகள் அங்கேதான் போகின்றன. இந்தக் கிந்தாப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் வெள்ளீயத்துக்கு உலகப் புகழ் பெற்றது. சுரங்க வேலைக்குச் சீனர்கள் வந்தார்கள். ரயில் பாதைக்கும் தோட்டங்களுக்கும் நம்மவர்கள் வந்தார்கள். 1985-ல் உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை சரிந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் வேலிக்கு வேலி அண்டை வீட்டாராக இருக்கிறார்கள்.

என் தங்கை இருப்பது புந்தோங் பகுதியில். தமிழர்கள் நிறைய வாழும் இடம். தெருவில் காலை வைத்ததுமே முறுக்கு வேகும் வாசனை மூக்கைத் துளைக்கிறது. 'கச்சாங் பூத்தே' என்று மலாய்ப் பெயர் வைத்திருக்கிறார்கள்; பார்த்தால் நம் முறுக்கும், ஓமப்பொடியும், வறுத்த கடலையுந்தான்! அதே புந்தோங்கில் 'தவுகே' என்னும் பச்சைப்பயறு முளையும் வளர்க்கிறார்கள். குட்டையாய், கொழுகொழுவென்று, கடித்தால் 'நறுக்' என்று உடையும். மலையிலிருந்து வரும் தண்ணீரின் மகிமை என்று ஊரார் பெருமைப்படுகிறார்கள்.

மாப்பிள்ளைக்கு முறுக்கு வாசனைதான் தெரிந்தது. தவுகே கண்ணில் படவில்லை. "உப்பைக் குறைக்க வேண்டும், எண்ணெயைக் குறைக்க வேண்டும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். தங்கை மூன்று வேளையும் கஞ்சி வைத்தாள். மனிதர் இரண்டு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளிவிடுவார். "மதினி, இப்படிச் சாப்பிட்டுப் பிழைத்து என்ன ஆகப்போகிறது?" என்று என்னிடமே கேட்டார். அவள் ஒன்றும் சொல்லாமல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போய்ப் பார்த்தால், குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதுகொண்டிருக்கிறாள். அவளுக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள் மாலை, பின்பக்கத்து வேலியோரம் ஒரு சீன அம்மாள் நின்றார்கள். எழுபது வயதிருக்கும். தங்கை அவர்களை 'ஆண்டி' என்று கூப்பிட்டாள். இருவருக்கும் பொதுமொழி மலாய். "ஒரு வாரமாகக் கஞ்சி வாசனையே வருகிறதே?" என்று ஆண்டி கேட்டார்களாம். விஷயம் தெரிந்ததும், அரை மணியில் கையில் ஒரு பாத்திரத்தோடு வந்துவிட்டார்கள்.

ஈப்போவின் பெயர் சொல்லும் பண்டம் 'கை சி ஹோர் ஃபன்'. கோழிச் சதையை நாராகக் கிழித்துப் போட்டு, பட்டையான அரிசி நூடுல்ஸும் சூப்புமாகத் தருவது. கடைகளில் இறால் தலையை வறுத்த எண்ணெயும் அதில் சேரும். ஆண்டி நோயாளிக்காக அதையெல்லாம் விலக்கி, வீட்டு முறையில் செய்து காட்டினார்கள்.

செய்முறையைக் கேளுங்கள், சகோதரிகளே! நான்கு பேருக்கு அரைக் கிலோ கோழித் தொடைத் துண்டுகள், எலும்போடு. தோலை எடுத்துவிட வேண்டும். ஒன்றரை லிட்டர் தண்ணீர் கொதித்ததும், தட்டிய இஞ்சி ஒரு துண்டு, பூண்டு நான்கு பல், வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி இவற்றோடு கோழியைப் போட வேண்டும். பிறகு அடுப்பைத் தணித்துவிட வேண்டும். நான் வழக்கம்போல் திகுதிகுவென்று எரியவிட்டேன். ஆண்டி என் கையைப் பிடித்து, "பெலான், பெலான்!" என்றார்கள். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். தளதளவென்று கொதித்தால் சூப் கலங்கிவிடும், சதையும் வறண்டுவிடும். முணுமுணுவென்று 25 நிமிஷம் வேக வேண்டும். எலும்பருகே சிவப்பு தெரியாமல் நன்றாக வெந்திருக்க வேண்டும்.

அந்த 25 நிமிஷத்தில்தான் மற்ற வேலையெல்லாம். காய்ந்த அரிசி நூடுல்ஸ் 200 கிராமை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைக்கலாம். தவுகேயை அலசலாம்; வெங்காயத்தாளை நறுக்கலாம். கோழி வெந்ததும் எடுத்து ஆறவிட்டு நாராகக் கிழிக்க வேண்டும். சூப்பின் மேலே மிதக்கும் கொழுப்பைக் கரண்டியால் வழித்துவிட வேண்டும். வேறொரு பாத்திரத்தில் வெந்நீர் கொதிக்கட்டும்; அதில் நூடுல்ஸ் ஓரிரு நிமிஷம் வெந்தால் போதும். முளையையும் நன்றாக வேகவைப்பதே நல்லது. பச்சை முளையில் கிருமி இருக்கலாம், நோயாளிக்கு ஆகாது.

கிண்ணத்தில் நூடுல்ஸ் ஒரு கைப்பிடி என்றால் தவுகே இரண்டு கைப்பிடி. மேலே கோழி, அதன் மேல் சுடச்சுடச் சூப், வெங்காயத்தாள், வெள்ளை மிளகுத்தூள். அவ்வளவுதான். முக்கால் மணிக்குள் சமையல் முடிந்தது!

உப்பு? அங்கேதான் ஆண்டியின் சாமர்த்தியம். கொதிக்கும் சூப்பில் அவர்கள் உப்பே போடவில்லை. சாப்பிடும்போது ஒரு சின்னக் கரண்டியால் சோயா சாஸைத் தொட்டு, நான்கு சொட்டுக் கோழியின் மேல் மட்டும் விட்டார்கள். நாக்கில் முதலில் படுவது அதுதானே? ஒரு மேஜைக்கரண்டி சோயா சாஸில் ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. நாள் முழுவதற்குமே 2000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாட்டிலைக் கவிழ்ப்பவர்கள் யோசித்துக்கொள்ளட்டும்!

மாப்பிள்ளை கிண்ணத்தைச் சந்தேகமாகப் பார்த்தார். ஒரு கரண்டி குடித்தார். இன்னொரு கரண்டி. நாங்கள் மூவரும் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்களைப் போல் வாசற்படியில் நின்றோம். கிண்ணம் காலியானது. தலை நிமிர்ந்து, "என்ன மூவரும் என்னையே பார்க்கிறீர்கள்? நீங்கள் சாப்பிடவில்லையா?" என்றார். ஒரு வாரத்தில் அவர் மனைவியைச் சாப்பிடச் சொன்னது அதுதான் முதல் தடவையாம். தங்கை சிரித்தாள், கண் மட்டும் நனைந்திருந்தது. அன்று குழாயைத் திறக்க அவசியமில்லை.

சென்னைக்குத் திரும்பிய பின், பட்டை நூடுல்ஸ் கிடைக்காத நாட்களில் அரிசிச் சேவையைப் போட்டுச் செய்கிறேன், குற்றமில்லை. முளையை வீட்டிலேயே கட்டி வைக்கிறேன். என் வீட்டுக்காரர் முதல் நாள், "இது என்ன, பத்தியமா?" என்றார். இரண்டாம் கிண்ணம் கேட்டபோது அந்தக் கேள்வியை மறந்துவிட்டார்.

அவசரமாகச் சமைக்கிற மாலைகளில் கை தானாக அடுப்பைத் தூண்டப் போகிறது. அப்போதெல்லாம் வேலிக்கு அப்பாலிருந்து ஆண்டியின் குரல் கேட்கிறது: "பெலான், பெலான்!"