இரண்டாவது பட்டம்

தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்த எனக்குச் செவிலித்தாய் நன்கு அறிமுகமானவள். சங்க அகப்பாடல்களில் தலைவியை வளர்ப்பவள் அவள். தலைவி உடன்போக்கிற் சென்றபின் நற்றாய் வீட்டிலிருந்து புலம்ப, பாலைவழியில் இறங்கித் தேடிப் போகிறவளும் அவளே. தமிழ்நாட்டார் அவளுடைய பெயரையே எடுத்து நேர்ஸ்மாரைச் செவிலியர் என்கிறார்கள். இலங்கையில் நாங்கள் தாதியர் என்கிறோம். தாதி என்ற சொல்லுக்கு வளர்ப்புத்தாய் என்னும் பொருளோடு வேலைக்காரி என்னும் பொருளும் அகராதியில் உண்டு. இந்தச் சொல்லாராய்ச்சி எனக்கு 2010 ஆம் ஆண்டிலேயே தெரியும். தெரிந்திருந்தும் அந்த ஆண்டில் நான் செய்த ஒரு காரியத்தையும், பன்னிரண்டு ஆண்டுகளின் பின் அதன் விளைவை ரொறன்ரோவில் ஆறு மாதம் உடனிருந்து கண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

என் தங்கை உயர்தரப் பரீட்சையை உயிரியற் பிரிவில் இரண்டு தடவை எழுதினாள். இரண்டாந் தடவை எழுதியது யுத்தம் முடிந்த ஆண்டு. அவள் படித்ததிலும் பார்க்கப் பதறியதே அதிகம். மருத்துவபீடத்துக்குப் புள்ளி போதவில்லை. தாதியர் பயிற்சிக்கான நேர்முகப் பரீட்சைக்கு அழைப்புக் கடிதம் வந்தது. மூன்றாண்டுப் பயிற்சி, பயிலுங் காலத்திலேயே மாதாமாதம் ஒரு படி, முடிந்ததும் அரசாங்க உத்தியோகம். அவள் அக்கடிதத்தைச் சாமிப்படத்தின் கீழ் வைத்திருந்தாள்.

“மற்றவையின்ர மலசலம் அள்ளவோ நான் உன்னைப் படிப்பிச்சனான்?” என்று அம்மா கேட்டார். இரவு வேலை, ஆண் நோயாளர், நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள் என்ற கேள்விகள் அதன்பின் வரிசையாக வந்தன. அவற்றின் அடியிற் சாதியும் இருந்தது. பிறருடைய உடலழுக்கைத் தொடும் வேலை எவருடையது என்று எங்கள் ஊர்கள் தலைமுறை தலைமுறையாக வகுத்து வைத்திருந்த கணக்கே அம்மாவின் வாயிலிருந்து வெளிவந்தது. அதை நான் இனங்காணவில்லை என்று சொன்னால் அது பொய். அப்போது நான் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு மாணவி. உழைப்பின் மேன்மை பற்றிக் கூட்டங்களிற் பேசிக்கொண்டு திரிந்தவள். ஆனால் வீட்டிலே நான் தங்கைக்குச் சொன்னது இதுதான்: “கலைப்பிரிவில இன்னொருதரம் எடு. நீ கம்பஸுக்கு வரலாம். ஒரு பட்டம் கையில இருந்தா உன்னை ஆரும் கீழாய் நினைக்கேலாது.” அம்மாவின் பேச்சில் அருவருப்பு வெளிப்படையாக இருந்தது. என் பேச்சில் அதே அருவருப்பு அறிவுரை வேடத்தில் இருந்தது. தங்கை அம்மாவின் சொல்லைத் தட்டியிருப்பாள். என் சொல்லைத் தட்டவில்லை.

மூன்றாந் தடவை கலைப்பிரிவில் எழுதி அவள் பல்கலைக்கழகம் புகுந்தாள். நான் படித்த தமிழையே ஒரு பாடமாகப் படித்துப் பட்டமும் பெற்றாள். 2017 இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணம் கச்சேரி வாசலில் மாதக்கணக்கில் இருந்த போராட்டத்தில், அந்தப் பட்டத்தோடு அவளும் கொட்டிலின் கீழ் பாய் விரித்து இருந்தாள். அடுத்த ஆண்டு கலியாணம் செய்து கனடாவுக்குப் போனாள். அங்கே குறுகிய கால வகுப்பொன்றை முடித்துக்கொண்டு முதியோர் இல்லமொன்றில் உதவிப் பணியாளாகச் சேர்ந்தாள். எந்த வேலைக்கு அவளைப் போகவிடாமல் மறித்தோமோ அந்த வேலையின் கடைசிப் படியில், அந்நிய நாட்டிலே, மணித்தியாலக் கூலிக்கு அவள் நின்றாள். கொரோனாக் காலத்தில் அவ்விடத்து முதியோர் இல்லங்களில் மரணம் மலிந்தபோதும் அங்கேதான் நின்றாள்.

2022 நெருக்கடியின்போது, அரச ஊழியர்கள் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்லலாம் என்று சுற்றுநிருபம் வந்தது. எங்கள் ஆசிரியர் அறையிற் கதிரைகள் ஒவ்வொன்றாக வெறுமையாகின. அந்தச் செப்டெம்பரில் நானும் ஆறு மாத விடுமுறையிற் புறப்பட்டேன். தங்கைக்குத் தாதியியற் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. இரண்டு வயதுக் குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும். மைத்துனருக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. என்னை அழைத்ததன் காரணம் இவ்வளவுதான்.

அந்தப் படிப்பைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ஏற்கெனவே வேறொரு துறையிற் பட்டம் பெற்றவர்களைச் சேர்த்து, நான்காண்டுப் பாடத்தைச் சுருக்கித் தாதியியலில் இரண்டாவது பட்டம் கொடுக்கும் முறை அது. அமெரிக்காவில் 1971 இல் செயின்ற் லூயிஸ் பல்கலைக்கழகம் இதனைத் தொடக்கியது. அங்கே பன்னிரண்டு, பதினெட்டு மாதத்தில் முடித்துவிடுகிறார்கள். கனடாவில் இரண்டாண்டளவு எடுக்கிறது. ஒன்ராறியோ மாகாணத்தில் 2005 முதல் பதிவுபெற்ற தாதியாக வரப் பட்டம் கட்டாயம். தங்கை சேருவதற்கு முன்னரே உடற்றொழிலியல், புள்ளிவிபரவியல் ஆகியவற்றைத் தனித்தனியே பணங்கட்டிப் படித்துத் தேறவேண்டியிருந்தது. முதற்பட்டம் எதிலிருந்தாலும் பரவாயில்லை. ஆகவே இலங்கை மக்களின் வரிப்பணத்தில், இலவசக் கல்வியின் பேறாகக் கிடைத்த தமிழ்ப் பட்டம் அங்கே ஒரு நுழைவுச் சீட்டாயிற்று. கச்சேரி வாசலில் எவருக்கும் வேண்டாதிருந்த கடதாசி அது.

முதல் வாரத்திலேயே வீட்டின் ஒழுங்கு மாறியது. குழந்தை உறங்கியபின் சமையலறை மேசையில் அவள் புத்தகத்தோடும் நான் தேநீரோடும் இருப்போம். நூற்றுக்கணக்கான சிறு அட்டைகள். ஒரு பக்கத்தில் மருந்தின் பெயர், மறுபக்கத்தில் அது செய்யும் வேலையும் கெடுதியும். நான் பெயரை வாசிக்க, அவள் ஒப்புவிப்பாள். எலும்புகளின் பெயர்களை வாசித்த இரவில் எனக்கு மானிப்பாய் நினைவுக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் அங்கே தமிழிலேயே மேலைத்தேய வைத்தியம் கற்பித்தார். 1872 இல் வெளிவந்த ‘மனுஷ அங்காதிபாதம்’ அந்த முயற்சியின் விளைவு. பட்டப்படிப்பில் நான் அதை உரைநடை வரலாற்றின் ஓர் உருப்படியாக மனனம் செய்து, புள்ளி வாங்கி, மறந்தவள். அந்தப் புத்தகத்தைக் கொண்டு ஒருவன் ஒரு நோயாளியைத் தொட்டிருப்பான் என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை. தங்கைக்கு இதைச் சொன்னேன். “அக்கா, நாளைக்குச் சோதினை” என்றாள்.

என் கையில் எத்தனை தரம் இரத்த அழுத்தம் பார்த்திருப்பாள் என்பதற்குக் கணக்கில்லை. மருந்துக் கணக்குகளும் அப்படித்தான். 1000 மில்லிலீற்றர் சேலைன் மணித்தியாலத்துக்கு 125 மில்லிலீற்றர் வீதம் எட்டு மணித்தியாலம் ஓடும். ஒரு மில்லிலீற்றருக்கு 15 துளி விழும் குழாயென்றால் நிமிடத்துக்கு 31 துளி. இந்தச் சோதினையில் எங்கள் பள்ளிக்கூடத்து முப்பத்தைந்து புள்ளிச் சித்திக்கு இடமில்லை. ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு மருந்து உடம்புக்குள் போய்விடும். முதற்றடவை அவள் தவறினாள். அன்றிரவு குளியலறைத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். நான் கதவைத் தட்டவில்லை.

உடலைக் கழுவும் பாடத்தை அவள் எனக்கு விளக்கிய விதத்தை மறக்க முடியாது. உதவிப் பணியாளாக அதை ஆயிரம் முறை செய்தவள். ஆயினும் இப்போதுதான் காரணத்தோடு கற்கிறேன் என்றாள். கண்ணிலிருந்து தொடங்கவேண்டும், மூக்கோரத்திலிருந்து வெளிப்புறமாகத் துடைக்கவேண்டும். போர்வையை முழுவதும் விலக்கக்கூடாது. கழுவும் பகுதியை மாத்திரம் திறந்து, கழுவி, ஈரம் ஒற்றி, மூடியபின்பே அடுத்ததற்குப் போகவேண்டும். அவ்வேளையில் முதுகையும் குதிக்காலையும் பார்த்துக்கொள்ளவேண்டும். படுக்கைப் புண் முதலில் ஒரு சிவப்பாகத்தான் தோன்றும். அழுத்தினாலும் அச்சிவப்பு வெளுக்காது. கண்டால் அன்றே எழுதவேண்டும். அம்மா சொன்ன மலசலமும் அப்படியே. சத்திரசிகிச்சை முடிந்து கிடக்கும் பெரியவரொருவரின் சிறுநீர் மணித்தியாலத்துக்கு 30 மில்லிலீற்றருக்குக் குறைந்தால், சிறுநீரகத்துக்கு இரத்தம் போதவில்லையோ என்று முதலில் ஐயுறவேண்டியவள் அதை அளந்து ஊற்றுகிறவள்தான். வைத்தியர் காலையில் ஒருமுறை வந்து போவார். இரவு மூன்று மணிக்கு அந்தப் பாத்திரத்தைத் தூக்கிப் பார்ப்பவள் இவள். அவள் கண்டு சொல்லாவிட்டால் வைத்தியருக்கு அது தெரிய வழியில்லை.

அவளுடைய வகுப்பில் கணக்காளராக இருந்த ஒருவர், இசை படித்த ஒரு பெண், தாவரவியற் பட்டதாரி ஒருவர் என்று பலரும் இருந்தார்கள். மருத்துவமனையில் முதன்முதலாக மலப்பாத்திரம் எடுத்த நாளில் கணக்காளர் படிக்கட்டில் இருந்து வாந்தியெடுத்தாராம். அடுத்த நாளும் வந்தாராம். மருத்துவமனை நாட்களில் காலை ஏழு மணிக்கு வார்ட்டில் நிற்கவேண்டும். பன்னிரண்டு மணித்தியால வேலை. அதற்கு ஊதியம் இல்லை. மாறாக மாணவரே கட்டணஞ் செலுத்துகிறார்கள். இலங்கையில் வறிய அரசாங்கம் பயிற்சித் தாதிக்குப் படி கொடுக்கிறது. செல்வம் மிகுந்த நாட்டில் வேலையையும் வாங்கிக்கொண்டு பணத்தையும் வாங்கிக்கொள்கிறார்கள். வங்கிக் கடன் வேறு.

நாங்கள் அங்கிருந்த நவம்பரில் ஒரு தீர்ப்பு வந்தது. ஒன்ராறியோ அரசாங்கம் 2019 இல் ஒரு சட்டம் இயற்றி, தாதியரும் ஆசிரியரும் உட்படப் பொதுத்துறை ஊழியரின் சம்பள உயர்வை மூன்றாண்டுக்கு ஆண்டொன்றுக்கு ஒரு வீதத்துக்கு மேற்படாமற் கட்டி வைத்திருந்தது. கொரோனா வார்ட்டுகளில் நின்றவர்களுக்கு ஊரார் கைதட்டிய காலத்திலும் அந்தக் கட்டு அவிழவில்லை. தொழிற்சங்கங்கள் வழக்காடின. 2022 நவம்பரில் நீதிமன்றம் அச்சட்டம் அரசியலமைப்புக்கு முரண் என்றது. அரசாங்கம் மேன்முறையீடு செய்து, 2024 பெப்ரவரியில் அங்கும் தோற்றபின்பே சட்டத்தை நீக்கியது. நான் 2021 இல் எங்கள் ஆசிரியர் போராட்டத்தில் மூன்று மாதத்துக்கு மேல் இணையவழிக் கற்பித்தலைப் பகிஷ்கரித்தவள். பிள்ளைகளின் படிப்பைக் காட்டி எங்களை ஏசியதுபோலவே அங்கும் நோயாளரைக் காட்டித் தாதியரை ஏசினார்கள் என்று தங்கை சொன்னாள். அன்றிரவு மருந்து அட்டைகளை எடுக்காமல் சம்பளப் பட்டியல்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அவளோடு நான் சரிநிகராகப் பேசிய முதல் இரவு அது என்று நினைக்கிறேன்.

விரைவுப் படிப்பு என்கிறார்கள். அந்த விரைவு எங்கிருந்து வருகிறது என்று பாடவிதானத்தில் எழுதப்பட்டிருக்காது. மைத்துனர் இரவு வேலையால் வந்து உறங்காமற் குழந்தையை வைத்திருந்த காலைகளிலிருந்து வந்தது. என் ஆறு மாதச் சம்பளத்திலிருந்து வந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்து மூச்சு இரைத்த இரவொன்றில், நோய்நிலை உடற்றொழிலியல் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த தாய் தன் பிள்ளையின் விலா எலும்புகளுக்கிடையே தசை உள்ளிழுபடுவதை ஒரு நிமிடம் மாணவியாகவே பார்த்து நின்றாள். பின்பு திடுக்கிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அந்த ஒரு நிமிடத்தை அவள் பின்னரும் பலமுறை சொல்லி வருந்தியிருக்கிறாள்.

தை மாதத்தில் ஒருநாள், “அக்கா, நீங்களும் இதைப் படிக்கலாமே? உங்களிட்டையும் ஒரு பட்டம் இருக்குத்தானே?” என்றாள். நான் சிரித்துவிட்டுப் பாத்திரம் கழுவினேன். ஆனால் இரண்டு இரவுகள் உறங்காமற் கணக்குப் பார்த்தேன். எங்கள் ரூபாவின் பெறுமதி என்னவாகியிருந்தது என்பதை வாசகருக்குச் சொல்லவேண்டியதில்லை. திரும்பி வந்ததற்கு நாட்டுப்பற்றை நான் காரணமாகக் காட்ட மாட்டேன். அம்மா தனியே இருந்தார். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் பாதியில் நின்றார்கள். இவற்றோடு, ஒரு முதியவரின் உடம்பைத் தொட்டுக் கழுவ என் கை நீளுமா என்பதில் எனக்கு நிச்சயம் இல்லை. 2010 இல் அவளுக்குச் சொன்ன அறிவுரையின் அடியில் இந்தக் கூச்சமே இருந்தது என்று அப்போது விளங்கியது.

2023 பெப்ரவரியில் வந்து சேர்ந்தேன். மிகுதி ஒன்றரை ஆண்டும் தொலைபேசியிற் கேட்டறிந்ததுதான். அவள் பட்டம் பெற்று, 2024 கோடையில் பதிவுக்கான பரீட்சை எழுதினாள். அது கணினியில் நடப்பது. சரியாகச் சொல்லச் சொல்ல அடுத்த கேள்வி கடினமாகும். குறைந்தது 85 கேள்வி, கூடியது 150. தேர்ச்சி பற்றியோ தோல்வி பற்றியோ போதிய நிச்சயம் வந்ததும் இயந்திரம் தானாக நின்றுவிடும். அவளுக்கு 85 ஆவது கேள்வியோடு நின்றது. எங்களுக்கு இரவு எட்டு மணியிருக்கும்; காருக்குள் இருந்து எடுத்தாள். சித்தியோ தவறோ தெரியாமல் நடுங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு நாளின் பின் சித்தி என்று அறிவித்தாள். அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா, “சாப்பிட்டியோ?” என்று மாத்திரம் கேட்டுவிட்டுத் தொலைபேசியை என்னிடமே தந்தார்.

“அக்கா, அந்தக் கடிதம் இப்பவும் வீட்டில இருக்கே? நேர்முகத்துக்கு வந்தது.”

இல்லை என்றேன். அதை அந்த ஆண்டே சாமிப்படத்தின் கீழிருந்து எடுத்துக் கிழித்தவள் நான்தான் என்றும், அம்மா அல்ல என்றும் சொன்னேன். இதுவரை அவளுக்கு அது தெரியாது.

சிறிது நேரம் பேச்சில்லை. குழந்தை எதையோ கேட்டு அழுவது கேட்டது. “சரி அக்கா, வைக்கிறன். இவளுக்குச் சாப்பாடு குடுக்கோணும்” என்றாள்.