துளசித் தொட்டியில் ஒரு குடித்தனக்காரி

உங்கள் வீட்டு மாடியில் நாலு பூந்தொட்டிகள் இருக்கின்றனவா? அப்படியானால் நீங்களும் ஒரு பாம்பை வளர்த்துக்கொண்டிருக்கலாம். பத்திரிகையைக் கீழே போட்டுவிட்டு ஓடாதீர்கள்! நானும் போன ஆடி மாதம் வரையில் அப்படித்தான், தெரியாமலே வளர்த்துக்கொண்டிருந்தேன்.

வாடிப் போயிருந்த துளசிக்குத் தொட்டி மாற்றலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்ணைக் கிளறினேன். வேர்களுக்கு நடுவிலிருந்து கறுப்பாக, மினுமினுவென்று ஒன்று நெளிந்தது. மண்புழு என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் எட்டு வயது மகள் உற்றுப் பார்த்துவிட்டு, "மண்புழு நாக்கை நீட்டுமா, அம்மா?" என்று கேட்டாள்.

என் கையிலிருந்த கரண்டி நழுவி விழுந்தது.

சத்தம் கேட்டு வந்த என் மாமியார், "ஐயோ, செவிப்பாம்பு! தூங்கறப்போ காதுக்குள்ளே பூந்துடும். மண்ணெண்ணெயை ஊத்து!" என்று கத்தினார். சமையல் வாயு வந்துவிட்ட வீட்டில் மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது? அந்த ஒரு காரணத்தால்தான் அது அன்று பிழைத்தது. அவரைச் சொல்வானேன்? நானும் சிறுமியாக இருந்தபோது கொல்லைப்புறத்தில் இதைப்போல ஒன்றைத் துடைப்பக்கட்டையால் தீர்த்துவிட்டு, என் பாட்டியிடம் 'சமர்த்து' என்ற பட்டம் வாங்கியவள்தான்.

என் கணவர் அதைப் படம் எடுத்து, பாம்புகளைப் பற்றி விவரம் தெரிந்த ஒரு நண்பருக்கு அனுப்பினார். அரை மணியில் பதில் வந்தது: புழுப்பாம்பு. விஷம் இல்லை. மனிதரைக் கடிக்க அதன் வாய் போதாது. பெரும்பாலும் ஆறங்குலத்துக்குள்தான் வளரும். கண்கள் இரண்டும் செதிலுக்கு அடியில் மங்கலான புள்ளிகள். வெளிச்சம் எது, இருட்டு எது என்று தெரிந்தால் அதிகம். எறும்பு, கறையான் இவற்றின் முட்டைகளும் புழுக்களுமே ஆகாரம். மண்ணுக்கடியில் எறும்புப் புற்றைத் தேடி அலையும் பிராணிக்கு உங்கள் காதிலும் என் காதிலும் என்ன வேலை? கையில் எடுத்தால் வால் நுனியிலுள்ள சின்னஞ்சிறு முள்ளால் அழுத்தும். அதைத்தான் நாம் கொட்டிவிட்டது என்று அலறுகிறோம்.

இன்னொரு செய்திதான் எங்கள் வீட்டைக் கலக்கிவிட்டது. இந்த இனத்தில் எல்லாமே பெண்! ஆண் துணை இல்லாமலே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகள் தாயை உரித்து வைத்தாற்போல இருக்கும். அதனால்தான் செடியோடு போகும் மண்ணில் ஒன்றே ஒன்று ஒளிந்திருந்தாலும், போன ஊரில் ஒரு வம்சமே தழைத்துவிடுகிறது. ஃப்ளோரிடாவுக்கும் ஹவாய்த் தீவுகளுக்கும் இப்படித்தான் போய்ச் சேர்ந்தது. வெளிநாட்டார் இதற்கு வைத்திருக்கும் பெயரே 'பூந்தொட்டிப் பாம்பு'.

"ஆம்பிளையே இல்லாம குடித்தனமா? கொடுத்து வெச்சவ!" என்றார் மாமியார். செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து என் மாமனார் இருமினார்.

இங்கே ஒரு வார்த்தை, சகோதரிகளே. கறுத்து மெலிந்ததெல்லாம் புழுப்பாம்பு என்று எண்ணிக் கையை நீட்டிவிடாதீர்கள். கட்டுவிரியன் குட்டியும் கறுப்புத்தான். அதன் விஷம் ஆளைக் கொல்லும். விஷமற்ற வெள்ளிக்கோல் வரையனையும் கட்டுவிரியனையும் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. தெரியாத பாம்பைத் தொடக் கூடாது. விலகி நிற்பதே விவேகம்.

நான் அந்த விவேகத்தோடு நிறுத்தியிருக்கலாம். "ஒரே ஒரு நாள் வெச்சுக்கலாம்மா" என்று குழந்தை கெஞ்சினாள். வீட்டில் நாய்க்கு இடமில்லை, பூனைக்குப் பாட்டியின் அனுமதி இல்லை. இது ஒன்றும் கேட்காத பிராணி ஆயிற்றே என்று இளகிவிட்டேன். ஊறுகாய் ஜாடியில் மண் போட்டு, மூடியில் துளைகள் போட்டு, அவள் பார்க்க வசதியாக ஜன்னல் விளிம்பில் வைத்தேன். மறுநாள் காலை அவசரமாக ஆபீசுக்கு ஓடினேன். மத்தியான வெயில் அந்த ஜன்னலில்தான் விழும் என்பது எனக்குத் தெரியாததல்ல. நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

மாலையில் வந்து பார்த்தபோது மண் பொரிந்து கிடந்தது. அதன்மேல் ஒரு கறுப்பு நூல்.

என் மகள் அழவில்லை. "பாட்டி மண்ணெண்ணெய் ஊத்தச் சொன்னாங்க. நாம ஊத்தலை. ஆனா..." என்று ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. "தப்பு அம்மாவோடது" என்றேன். வேறு என்ன சொல்ல? ஈர மண்ணுக்குள்ளேயே பிறந்து வாழ்கிற உயிருக்குக் கண்ணாடி ஜாடி எப்படி வீடாகும்? 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், நம் நாட்டுக் காட்டுயிர்களைப் பிடித்து வீட்டில் அடைத்து வைக்க இடம் கொடுப்பதில்லை. அது ஏன் என்று எந்தப் புத்தகமும் எனக்கு அன்று சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

தை மாதத்தில் துளசிக்கு உரம் போட மறுபடி மண்ணைக் கிளறினேன். தையல் நூல் பருமனில், இரண்டங்குலத்தில், ஒரு குட்டி நெளிந்தது.

"தொடாதேம்மா!" என்று ஓடிவந்தாள் மகள். "அதோட குட்டியா இருக்குமா?"

இருக்கலாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல மனம் வரவில்லை. அவளே இரண்டு கையாலும் மண்ணை அள்ளி மெதுவாக மூடினாள்.

பின்னால் செம்போடு நின்றுகொண்டிருந்தார் என் மாமியார். "நகருங்க, நகருங்க. தனியா குடித்தனம் பண்றவ, காய விடாதீங்க" என்று சொல்லித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினார்.