விழுந்தவனுக்கு எதற்கு வெளிச்சம்?

எங்கள் பக்கத்தில் சாலையில் பள்ளம் விழுந்ததும் யாராவது ஒரு கிளையை ஒடித்து அதில் நட்டுவிடுவார்கள். பெரும்பாலும் பூவரசு, கிடைக்காவிட்டால் வேம்பு. நட்டது யாரென்று ஒருநாளும் தெரியாது. டீக்கடைக்காரராக இருக்கலாம், விடியற்காலையில் பால் கேனோடு போகிறவராக இருக்கலாம். நெடுங்காட்டிலிருந்து காரைக்கால் போகும் வழியில், மதகு வேலை நடந்த ஓரிடத்தில், சிவப்பு ரிப்பன் கட்டுவதற்காக ஊன்றிய பூவரசம் போத்து மழை ஈரத்தில் துளிர்த்து உள்ளங்கை அகலத்துக்கு இலை விட்டிருந்தது. வண்டியை ஓரங்கட்டி நின்று பார்த்தேன். ரிப்பன் வெயிலில் வெளுத்து நார் நாராகத் தொங்கியது. இலை மட்டும் அப்படியொரு பச்சை.

கிளை நட்டவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அது நிற்கிற இடம் மனசை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பள்ளத்திலேயே அல்லவா நிற்கிறது! 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. கண்ணில் பட்டு, புத்திக்கு எட்டி, கால் பிரேக்கைத் தொட இரண்டரை நொடி என்று இந்திய சாலைக் காங்கிரஸ் கணக்கு வைத்திருக்கிறது. அதற்குள்ளேயே 40 மீட்டர் போய்விடும். முழுசாக நிற்க 80 மீட்டர் வேண்டும். 80 கிலோமீட்டர் வேகமென்றால் 120. இருட்டில் மோட்டார் சைக்கிள் விளக்குக்குக் கிளை அகப்படும் நேரத்தில் அவ்வளவு தூரம் யார் கையில் இருக்கிறது?

வேலை நடக்கும் சாலைகளுக்கென்றே அதே காங்கிரஸ் 2001இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டு, 2014இல் திருத்தியது. சாலையை அது பகுதி பகுதியாகப் பிரிக்கிறது. அதில் முதல் பகுதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். எந்த வேலையும் நடக்காத, தார் நன்றாகவே இருக்கிற, ஓட்டுகிறவர் நிம்மதியாக வருகிற நீளம் அது. எச்சரிக்கைப் பலகையை அங்கேதான் வைக்கச் சொல்கிறது.

இதை எழுத்தில் பார்ப்பதற்கு முன்பே எனக்குக் காட்டிக்கொடுத்தவர் பெரியப்பா. 2008 நவம்பர் கடைசியில் நிஷா புயல் காரைக்காலுக்கு வடக்கே கரையேறியது. சம்பாப் பயிர் தண்ணீருக்குள் போயிற்று. சாலை குறுக்கே கரை கட்டினாற்போல் நிற்க, தண்ணீர் வடிய வழியில்லை. ஊர்க்காரர்கள் கூடிச் சாலையை வெட்டிவிட்டார்கள். ஆள் போக ஒரு தென்னை மரத்தைக் குறுக்கே போட்டுவிட்டு, இருட்டியதும் அவரவர் வீட்டுக்குக் கிளம்பினார்கள். பெரியப்பா மட்டும் அரிக்கேன் விளக்கை எடுத்து, பெரியம்மாவின் பழைய சிவப்பு ரவிக்கைத் துணியைக் கண்ணாடிக்கு வெளியே சுற்றிக் கட்டினார். சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு நடந்தார். பின்னாலேயே நானும் போனேன். வெட்டின இடத்தில் வைப்பார் என்று பார்த்தால், தென்னை மரத்தின்மேல் நிதானமாகக் கால் வைத்துத் தாண்டி, அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருந்தார். சாலை வளைகிற இடத்துப் புளியமரத்தில்தான் விளக்கை மாட்டினார்.

“ஏன் பெரியப்பா இவ்வளவு தூரம்?”

“அங்க வச்சா விழுந்தவனுக்குத்தான்டா வெளிச்சம்.”

துணி கருகும் வாசனை வந்தது. அவிழ்த்து, மழைத் தண்ணீரில் நனைத்து மறுபடி கட்டினார். வைக்கோல் லாரி ஒன்று வந்தது. வளைவுக்கு முன்னாலேயே சிவப்பைப் பார்த்து மெதுவாகி நின்றது. வண்டியைத் திருப்ப இடமில்லை. பெரியப்பா பக்கவாட்டில் நடந்து, டயர் சேற்றில் இறங்காமல் பார்த்துப் பார்த்து, முச்சந்தி வரைக்கும் அதைப் பின்னாலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். திரும்பி வந்ததும் முதல் வேலையாக விளக்கின் திரியைத்தான் பார்த்தார்.

உள்ளூர்க்காரனுக்குப் பள்ளம் மனப்பாடம். திருநள்ளாற்றுக்கு வருகிறவர்களை நினைத்தால்தான் பகீரென்கிறது. 2023 டிசம்பர் 20 சனிப்பெயர்ச்சிக்கு வந்த கூட்டத்தில் எத்தனை பேர் ராத்திரி முழுக்க வண்டி ஓட்டி வந்திருப்பார்கள்! அவர்கள் வருவது அரசலாறு, நூலாறு, நாட்டாறு, நண்டலாறு, வாஞ்சியாறு என்று ஆறும் வாய்க்காலுமாகக் கிடக்கிற சீமைக்கு. இங்கே சாலை வேலை என்றாலே பாதி பாலம் வேலைதான்; பாலம் வேலை என்றால் பக்கத்திலேயே ஒரு மாற்றுப்பாதை. அது களிமண்ணில் போட்டது. வெயிலில் புழுதி, ஒரு மழை விழுந்தால் வழுக்கல். போதாததற்கு இரண்டு அரசுகள். புதுச்சேரிப் பொதுப்பணித் துறையின் சாலை முடிந்து தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறையின் சாலை தொடங்குகிற எல்லையில் தாரின் நிறமே மாறும். எச்சரிக்கைக்கு எல்லை கிடையாது. பலகை வைக்கவேண்டிய தூரம் அடுத்த மாநிலத்தில் விழுந்தால் அங்கேயே வைக்கத்தான் வேண்டும்.

2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்றொரு பிரிவு சேர்ந்தது. சாலையை அமைத்துப் பராமரிக்கும் அதிகாரியோ ஒப்பந்ததாரரோ விதித்த தரத்தைக் கைவிட்டு, அதனால் ஒருவர் இறந்தாலோ ஊனமுற்றாலோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஓர் உயிருக்கு அது எந்தக் கணக்கிலும் சேராது என்பேன். தொகையைவிட எனக்குப் பெரிய குறை, அந்தப் பிரிவு ஆள் விழுந்த பிறகுதான் எழுந்து வருகிறது என்பது. பலகை இல்லை என்ற அன்றைக்கே கேட்கிற சட்டமாக அது இருந்திருக்க வேண்டும்.

நான்குவழிச் சாலை வேலை நடக்கும் ஓரிடத்தில் கொடி பிடித்து நிற்கும் அம்மாவிடம் ஒருநாள் பேசிக்கொண்டிருந்தேன். தலைக்குத் துண்டு, சேலைக்கு மேல் ஒளிரும் சட்டை, ஒரு கையில் பச்சை, ஒரு கையில் சிவப்பு. ஓட்டுகிறவர்கள் என்ன செய்தால் நல்லது என்று கேட்டேன்.

“லைட்டைக் கொறச்சிட்டு வரச் சொல்லுங்க தம்பி. பெரிய லைட்டு போட்டு வந்தா கண்ணு கூசிப்போவுது. நிக்கப் போறானா, வரப் போறானான்னே தெரியல. கொடிய ஆட்டிட்டு நான் ஓரமா குதிச்சிருவேன். எனக்குப் பின்னாடி ஜல்லி பரப்புறவங்க குனிஞ்சில்ல இருக்காங்க?”

துணிக்கொடி பகலுக்குத்தான் சரி என்றார். ராத்திரிக்கு சிவப்பாக எரிகிற பேட்டரித் தடி ஒன்று கேட்டு வைத்திருக்கிறாராம்.