ரெக்கார்டு நோட்டும் எலும்பும்

ஆகஸ்ட் பிறந்தால் அமெரிக்கப் பல்கலைக்கழகத் தாழ்வாரங்களில் சுவரொட்டிகள் முளைத்துவிடும். கோடை விடுமுறையில் பத்து வாரம் ஆய்வகத்தில் வேலை பார்த்த இளநிலை மாணவர்கள், செய்ததைப் பெரிய தாளில் அச்சடித்து மாட்டி, பக்கத்திலேயே நின்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குவார்கள். இந்த வாரம் எலும்பு உயிரியல் வரிசையில் இருந்த ஒன்றின் முடிவு, மருந்து கொடுத்த எலிகளுக்கும் கொடுக்காதவற்றுக்கும் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்பதுதான். அதைத் தோல்வி என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. இப்படி ஒரு முடிவை நம் கோவை, திருப்பூர் பக்கத்து பி.எஸ்ஸி. மாணவர் தன் ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட முடியுமா? முடியாது. நம் அறிவியல் படிப்பின் கோளாறு பிள்ளைகளின் மூளையில் இல்லை, அந்த நோட்டில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

இங்கே அமெரிக்காவில் ஆய்வகக் குறிப்பேட்டுக்கு ஒரு சட்டமே உண்டு. பேனாவால்தான் எழுத வேண்டும். பக்க எண் அச்சடித்தே வரும், ஒரு தாளைக் கிழித்தாலும் தெரிந்துவிடும். தப்பாக எழுதினால் ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும், பக்கத்தில் தேதியும் சுருக்கொப்பமும் வேண்டும். வெள்ளை மை பூசக் கூடாது. மிச்சமிருக்கும் காலி இடத்துக்குக் குறுக்கே கோடு போட வேண்டும், பிறகு வந்து எதையும் நுழைக்க முடியாதபடி. நோட்டு மாணவருக்குச் சொந்தமில்லை. கிளம்பும்போது ஆய்வகத்திலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். 2013 வரை இந்த நாட்டில் முதலில் கண்டுபிடித்தவருக்கே காப்புரிமை, முதலில் விண்ணப்பித்தவருக்கு அல்ல. யார் முதல் என்ற வழக்கில் இந்த நோட்டுதான் சாட்சி. சட்டம் மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை. நம் நோட்டோ பழுப்பு அட்டை போட்டு, இடப்பக்கம் பென்சில் படம், வலப்பக்கம் செய்முறை என்று கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும். ரீடிங் சரியாக வராவிட்டால் சீனியரின் ரெக்கார்டு இருக்கவே இருக்கிறது.

இந்தக் காப்பியடிக்கும் பழக்கத்தை உடைக்க எலும்பைப் போல நல்ல வாத்தியார் கிடையாது. அது அவசரத்துக்கு மசியாது. எலி எலும்பை மெல்லிய சீவலாக வெட்ட வேண்டுமானால் முதலில் அதிலுள்ள கால்சியத்தை எடுக்க வேண்டும். ஈ.டி.டி.ஏ. கரைசலில் ஊறவைத்து, கரைசலை மாற்றி மாற்றி, இரண்டு வாரம்போலக் காத்திருக்க வேண்டும். சைசிங் மில் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும்: கொலாஜன் இழைதான் பாவு, சுண்ணச்சத்து அதற்கு ஏற்றிய கஞ்சி. கஞ்சி போனால் எலும்பு ரப்பர் போல வளையும். முழுக்கப் போகாவிட்டால் கத்தி பட்டதும் சீவல் கிழியும், யாரும் மறைக்க முடியாது. அதன்பிறகு சாயமேற்றினால், எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் சிவப்பாகத் தெரியும். எது மருந்து கொடுத்த எலியின் கண்ணாடித் தகடு என்று தெரியாமலே அவற்றை எண்ண வேண்டும். இன்னொருவரும் தனியாக எண்ண வேண்டும். இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போகாது, இரண்டும் நோட்டில் ஏறும். இளநிலை மாணவர் வந்தால் ரசாயனம்தான் வீண் என்பார்கள் நம் பேராசிரியர்கள். கண்ணும் பொறுமையும் கேட்கிற இந்த வேலைக்கு மாணவர்களைவிட ஏற்ற ஆள் யார்?

எலும்பு ஆராய்ச்சி நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் தருமபுரிப் பக்கம் போய்ப் பார்க்கலாம். நிலத்தடி நீரிலிருந்த ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் பதம் பார்த்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. கொலாஜனின் முப்புரி அமைப்பைச் சொன்னதும் நம் சென்னைப் பல்கலைக்கழகம்தான். 1954-இல் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், பக்கத்திலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் வாங்கிய கங்காரு வால் தசைநாணை வைத்து அதைக் கண்டார்கள். அமெரிக்காவின் எலும்புப் பாடப்புத்தகம் எதுவும் அந்த அமைப்பைச் சொல்லாமல் நகர முடியாது. (இங்கத்திய பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ராமச்சந்திரன் பெயர் தெரியும் என்பது வேறு விஷயம்.)

காசு எங்கே என்ற கேள்வி நியாயமானது. 1987 முதல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை இளநிலை மாணவருக்கு உதவித்தொகை கொடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறது. குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவர்களுக்கு மட்டும். மாணவர் விசாவில் வந்து முழுக் கட்டணம் கட்டிப் படிக்கும் நம் பிள்ளை அதைத் தொட முடியாது. அறிவுக்கு எல்லையில்லை என்று மேடையில் மட்டும் சொல்லிக்கொள்வார்கள். இந்தியாவில் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டம் இருக்கிறது, உதவித்தொகையும் தருகிறார்கள். ஆனால் நம் பக்கம் அதிகம் கண்ணில் படுவது, மாணவரிடமே பணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் தரும் பயிற்சிதான். கூலிக்கு நெசவு நெய்யும் வீட்டில் ஏப்ரல், மே என்றால் பிள்ளை தறியில் நிற்கும் மாதம். அந்தக் கூலிக்கு ஈடாக ஏதாவது கொடுத்தால் ஒழிய அவன் ஆய்வகத்துக்கு வரமாட்டான். வருகிறவர்கள் வசதியானவர்கள் மட்டுமாக இருப்பார்கள். 1956-இல் ஆலைக்காரர்கள் கூடி, தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ராவை உருவாக்கிய ஊர்ப்பக்கம் இது. நாலு மாணவருக்கு இரண்டு மாதச் சம்பளம் என்பது அவர்களுக்கு ஒரு செலவா?

கருவி இல்லை என்பது கடைசிச் சாக்கு. கோவைப் பக்கத்துச் சோமனூரிலேயே சிட்ராவின் விசைத்தறி சேவை மையம் இருக்கிறது. துணியின் வலுவை அறிய அதை இரு முனையிலும் பிடித்து அறும்வரை இழுக்கிற எந்திரம் நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. எலும்பின் வலுவை அறியவும் கிட்டத்தட்ட அதே எந்திரம்தான்: பிடியை மாற்றி, எலும்பை இரண்டு தாங்கிகளில் கிடத்தி, நடுவில் ஒடியும்வரை அழுத்த வேண்டும். எலும்புக்குக் கறிக்கடை போதும். பிராய்லர் கோழியின் கால் எலும்பு முதலில் ஒடியுமா, நாட்டுக்கோழியினுடையதா? பிராய்லர் ஐந்தாறு வாரத்தில் கடைக்கு வந்துவிடும், நாட்டுக்கோழிக்கு மாதக்கணக்கு ஆகும். வயதும் வேறு, எடையும் வேறு. இரண்டையும் எப்படி ஒப்பிடுவது என்று தீர்மானிக்கவே மூன்றாமாண்டு மாணவருக்குப் பாதிக் கோடை போய்விடும், மீதிப் பாதியில் ஒடித்துப் பார்க்கலாம்.